உலகமும் உயிரும் தோன்றிய வரலாறு

பொழுது புலருமுன்னே எழுந்து வேலைக்குப் புறப்படுவோர், ஆண்டிற் சில மாதங்கள் கீழ்வானத்தில் விடிவெள்ளியைக் கண்டிருப்பர். அஃது ஒரு விண்மீனன்று. நம் நிலவுலகத்தைப் போலவே ஞாயிற்றைச் சுற்றிவரும் ஒரு கோள். அளவிலும் ஏறக்குறைய நம் உலகத்தை ஒத்தது. அதனைக் காணுந்தோறும் சிந்தையுள்ள ஒருவர்க்கு மூன்று வினாக்கள் எழுதல் இயல்பு. இவை எங்கிருந்து வந்தன? எப்பொழுது வந்தன? உயிரற்ற கல்லும் நீருமாய்க் கிடந்த ஓருலகத்தில் உயிர் எவ்வாறு தோன்றிற்று?

இவ்வினாக்கள் புதியனவல்ல. உலகத்திலுள்ள எல்லா இனத்தாரும் இவற்றிற்கு விடை சொல்லியிருக்கின்றனர். முட்டையிலிருந்து உலகம் வந்ததென்றனர் சிலர். தாமரையில் தோன்றியவன் உலகைப் படைத்தானென்றனர் சிலர். ஆறு நாளில் எல்லாம் ஆயின என்றனர் வேறு சிலர். அறிதற்குக் கருவியில்லாத காலத்தில் எழுந்த விடைகள் இவை. அவற்றைச் சொன்னோரை நகைத்தல் நமது நோக்கமன்று. ஆயினும் அவ்விடைகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு குறையுண்டு. அவை பிழையாயின், அப்பிழையைக் கண்டுபிடிக்க வழியில்லை.

சென்ற 270 ஆண்டுகளில் இவ்வினாக்களை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட அறிஞரும் பிழை செய்தவர்களே. ஒருவர் இருவரல்லர், ஏறக்குறைய அனைவரும் பிழை செய்தனர். ஆனால் அவர் பிழைகள் கண்டறியப்பட்டன, திருத்தப்பட்டன, சில வேளைகளிற் பிழை செய்தவராலேயே திருத்தப்பட்டன. நாம் இன்று அறிந்திருப்பது அத்திருத்தங்களின் தொகையே. அவ்வரலாற்றைச் சுருக்கிக் கூறுவதே இக்கட்டுரை.

முகிற் கொள்கை

கோள்கள் எவ்விதம் இயங்குகின்றன என்பதை 1687-ஆம் ஆண்டில் நியூட்டன் கணக்கிட்டுக் காட்டினார். ஆயின் ஒன்று விளங்காமல் நின்றது. கோள்கள் அனைத்தும் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே தட்டில் வைத்தாற் போல, ஞாயிற்றைச் சுற்றுவானேன்? தனித்தனியே வந்து சேர்ந்தவையாயின் ஒன்று வலமாகவும் மற்றொன்று இடமாகவும் செல்லலாமே! இவ்வொழுங்கு இறைவன் செயலென்று நியூட்டன் அமைந்துவிட்டார்.

பிரஞ்சு அறிஞர் புஃபோன் அவ்வாறு அமையவில்லை. வால்மீனொன்று ஞாயிற்றின்மேல் மோதித் தெறித்த குழம்பே கோள்களாயிற்று என்று 1749-இல் அவர் எழுதினார். பாரிஸ் நகரத்துச் சமயக் கல்விச் சபையார் 1751-இல் அவர் நூலிலுள்ள பல கூற்றுக்களைக் கண்டித்தனர். வேதத்துக்கு மாறாக எதுவும் சொல்ல எண்ணவில்லை என்று எழுதிக்கொடுத்து அவர் தொல்லையினின்று தப்பினார். வால்மீன்கள் மிகச் சிறியவை என்பது பிற்காலத்தில் தெரியவரவே அவர் கொள்கை வீழ்ந்தது. எனினும் உலகம் தோன்றிய விதத்தை இயற்கை விதிகளைக் கொண்டே விளக்கலாம் என்னும் துணிவு நிலைத்துவிட்டது.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1755-இல், ஜெர்மானியர் ஒருவர் தம் பெயரை வெளியிடாமலே ஒரு நூலை அச்சிட்டார். பிற்காலத்தில் உலகப்புகழ் பெற்ற தத்துவ ஞானியாகிய இம்மானுவேல் காண்ட் என்பாரே அவர். அப்பொழுது அவருக்கு வயது முப்பது. பிறர் வீடுகளிற் பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லிச் சில ஆண்டுகள் பிழைத்தவர். நூலை வெளியிட்டவர் கடனில் மூழ்கிப் போகவே, பிரதிகள் முடங்கின; படித்தவர் மிகச் சிலர். பரந்த தூசி முகிலொன்று தன் ஈர்ப்பினாலேயே சுருங்கிச் சுழன்று ஞாயிறாகவும் கோள்களாகவும் ஆயிற்று என்பது அந்நூலின் கருத்து. இதனை அறியாமலே பிரஞ்சு நாட்டுக் கணித அறிஞர் லாப்லாஸ், 1796-இல் இதனை ஒத்த கொள்கையை வெளியிட்டார்.

கயிற்றின் நுனியில் ஒரு கல்லைக் கட்டிச் சுழற்றிக்கொண்டே கயிற்றைக் குறுக்கிப் பாருங்கள். கல் முன்னிலும் விரைந்து சுழலும். அவ்வாறே மெதுவாகச் சுழலும் முகில் சுருங்கச் சுருங்க விரைவு மிகும். நடுவிலுள்ளது திரண்டு உருண்டையாகும். விளிம்பிலுள்ளது தட்டையாகப் பரவும். அத்தட்டிலேயே கோள்கள் பிறந்தன என்றால், அவை ஒரே திசையில் ஒரே தளத்தில் சுற்றுவது வியப்பன்று. இக்கொள்கையின் எளிமையும் அழகும் நூறாண்டுக் காலம் அறிஞர் உலகை ஆண்டன.

அழகிய கொள்கைக்கு வந்த இடர்

எத்துணை அழகிய கொள்கையாயினும் கணக்குக்கு உட்படவேண்டும். ஞாயிற்றுக் குடும்பத்தின் மொத்த எடையில் 100-க்கு 99.8 பங்குக்கு மேல் ஞாயிற்றிலேயே உள்ளது. முகில் சுருங்கி ஞாயிறாகியது உண்மையாயின், ஞாயிறு சில மணி நேரத்துக்கு ஒருமுறை தன்னைத்தான் சுற்றிக்கொள்ளவேண்டும். ஆனால் அது நடுவரைப் பகுதியில் ஒருமுறை சுற்ற 25 நாட்கள் எடுத்துக்கொள்கிறது. எடை, தூரம், வேகம் ஆகிய மூன்றையும் பெருக்கிச் சுழற்சியின் கணக்கைப் பார்த்தால், பெரும்பங்கு வியாழனிடத்தே இருக்கிறது. ஞாயிற்றினிடத்தில் 100-க்கு ஒரு பங்கும் இல்லை. வீட்டின் பொருளெல்லாம் தந்தையிடமிருக்க, ஓட்டமெல்லாம் பிள்ளைகளிடமிருப்பது போன்ற நிலை இது.

இவ்விடரைத் தீர்க்கமாட்டாமல் அறிஞர் முகிற் கொள்கையைக் கைவிட்டனர். அமெரிக்கராகிய சேம்பர்லினும் மோல்ட்டனும் 1905-இலும், இங்கிலாந்துப் பேராசிரியர் ஜேம்ஸ் ஜீன்ஸ் 1917-இலும் வேறொரு வழி சென்றனர். அளவற்ற காலத்துக்கு முன்னே ஒரு பெரிய விண்மீன் நமது ஞாயிற்றினருகே வந்தது. நிலவின் ஈர்ப்பாற் கடல் பொங்குவதுபோல ஞாயிற்றின் உடல் பொங்கி நீண்டது. பிரிந்து நின்ற அத்துண்டே கோள்களாயிற்று என்றனர். விண்மீன்கள் ஒன்றையொன்று அணுகுதல் அரிதினும் அரிது. ஆகவே கோள்களும், அவற்றில் வாழும் உயிர்களும் பேரண்டத்தில் எங்கோ நேர்ந்த ஒரு விபத்தின் பயனேயாம் என்ற எண்ணம் பரவலாயிற்று. ஜீன்ஸ் இனிய நடையில் எழுத வல்லவராதலின் பொதுமக்களும் அதனை நம்பினர்.

இக்கொள்கையும் கணக்கின்முன் நிற்கவில்லை. அவ்விதம் பிரிந்த பொருள் வியாழன் இருக்கும் தொலைவை எட்டுதல் இயலாதென்று 1935-இல் அமெரிக்க வானநூல் அறிஞர் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் காட்டினார். ஞாயிற்றின் உள்ளிருந்து வந்த பொருள் அளவுகடந்த வெப்பமுடையதாதலின், திரளுவதற்கு முன்பே வெடித்துச் சிதறிவிடும் என்று 1939-இல் லைமன் ஸ்பிட்சர் நிறுவினார். கைவிட்ட முகிலினிடத்துக்கே அறிஞர் திரும்பிவர வேண்டியதாயிற்று. இம்முறை அவர் வெறுங்கையோடு வரவில்லை. இளஞாயிற்றின் காந்த விசையும், அதனின்று ஓயாது வீசும் மின்னணுக் காற்றும் அதன் சுழற்சியைச் சிறிது சிறிதாகக் கவர்ந்து சென்றன என்பதை அவர் அறிந்துகொண்டனர். ஸ்வீடன் நாட்டு ஆல்ஃபென் 1942-இல் தொடங்கிய ஆராய்ச்சி இது.

ஞாயிறு எதனாலாகியது?

இதற்கிடையில் ஓர் இளம்பெண் செய்த ஆராய்ச்சி இவ்வரலாற்றின் போக்கையே மாற்றிற்று. அவர் பெயர் சிசிலியா பெய்ன். இங்கிலாந்தில் 1900-இற் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தும், பெண்களுக்குப் பட்டமளிப்பதில்லை என்பது அக்காலத்தில் அங்கிருந்த விதியாதலால், 1923-இல் அமெரிக்காவிலுள்ள ஹார்வர்டு வானாராய்ச்சி நிலையத்துக்குச் சென்றார். விண்மீன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தால் இடையிடையே கருங்கோடுகள் தோன்றும். எந்தத் தனிமம் எங்கே உளது என்பதை அக்கோடுகள் காட்டும். அவற்றைப் புதிய பௌதிகக் கணக்குக் கொண்டு ஆராய்ந்த பெய்ன், ஞாயிறும் விண்மீன்களும் பெரும்பாலும் நீரகவாயு என்னும் ஹைட்ரஜனாலும், அடுத்தபடி ஹீலியத்தாலும் ஆனவை என்ற முடிவுக்கு வந்தார்.

அந்நாளில் அறிஞர் அனைவரும் நினைத்திருந்தது வேறு. ஞாயிறும் நிலவுலகமும் ஒரே வகையான பொருள்களால், ஒரே அளவுகளில் ஆனவை என்றே நம்பியிருந்தனர். மேற்சொன்ன ரஸ்ஸல், பெய்னின் கட்டுரையைப் பார்த்து, இம்முடிவு நடவாதது என்று எழுதினார். இருபத்தைந்து வயதுப் பெண், துறையின் தலைவரை எதிர்த்து நிற்பது எளிதன்று. 1925-இல் வெளிவந்த தம் நூலில், தாம் கண்ட அளவு மெய்யாயிருத்தல் அரிது என்று அவரே எழுத நேர்ந்தது. நான்கு ஆண்டுகள் சென்றன. ரஸ்ஸல் வேறொரு வழியிற் சென்று, அதே முடிவை 1929-இல் அடைந்தார். பெய்ன் கண்டதோடு தாம் கண்டது ஒத்திருப்பதை அக்கட்டுரையிலேயே கூறினார். ஆயினும் புகழின் பெரும்பங்கு நெடுங்காலம் அவருக்கே போயிற்று. பெய்ன் ஹார்வர்டிற் பேராசிரியர் பதவி பெற்றது 1956-இல்தான். அறிவுலகத்திலும் ஆளைப் பார்த்து உண்மையை மதிக்கும் குற்றம் உண்டு. அங்கே அளவைக்கு இறுதிச் சொல் உண்டாதலால் அக்குற்றம் வெளிப்பட்டது. வெளிப்பட முப்பதாண்டு ஆயிற்று என்பதையும் மறத்தல் கூடாது.

ஞாயிறு ஹைட்ரஜனாலாயின், நம் உலகத்து இரும்பும் நம் எலும்பிலுள்ள சுண்ணமும் எங்கிருந்து வந்தன? இதற்கு 1957-இல் விடை வந்தது. மார்கரெட் பர்பிட்ஜ், அவர் கணவர் ஜெஃப்ரி பர்பிட்ஜ், வில்லியம் ஃபௌலர், ஃபிரெட் ஹாயில் ஆகிய நால்வரும், விண்மீன்களின் உள்ளே எளிய அணுக்கள் இணைந்து கனத்த அணுக்களாவதை விரித்துக் காட்டினர். அவ்விண்மீன்கள் முதிர்ந்து மடியும்போதும் வெடிக்கும்போதும் அப்பொருள் வெளியிற் பரவுகிறது. அப்படிப் பரவிய தூசி கலந்த முகிலொன்றிலேதான் நமது ஞாயிறு பிறந்தது. நாம் கையிற் பிடிக்கும் கத்தியின் இரும்பு, நமது ஞாயிற்றுக்கு முன்னே வாழ்ந்து மடிந்த விண்மீன்களின் சாம்பலேயாம்.

தூசியிலிருந்து கோள்

முகிலின் தட்டில் நிகழ்ந்ததை விரிவாகக் கணக்கிட்டவர் ருஷியராவர். ஆட்டோ ஷ்மிட் என்பார் 1944-இல் தொடங்கிவைத்த ஆராய்ச்சியை விக்டர் சஃப்ரோனாவ் வளர்த்து 1969-இல் நூலாக வெளியிட்டார். மூன்றாண்டு கழித்து அந்நூல் ஆங்கிலத்தில் வந்த பின்னரே மேனாட்டார் அதன் பெருமையை உணர்ந்தனர்.

தட்டிற் சுழலும் தூசித் துகள்கள் மெல்ல மோதும்போது ஒட்டிக்கொள்கின்றன. துகள் பரலாகிறது, பரல்கள் திரண்டு மலையளவாகின்றன. மலையளவானதும் அதன் சொந்த ஈர்ப்பு அயலிலுள்ளவற்றை இழுக்கத் தொடங்குகிறது. பெரியது மேலும் பெரிதாகிறது. ஞாயிற்றினருகே வெப்பம் மிகுதியாதலால் அங்கே நீர் உறைந்திருக்கமாட்டாது. கல்லும் உலோகமுமே திரளும். ஆகவே புதன், வெள்ளி, நிலவுலகு, செவ்வாய் ஆகியன சிறியனவாயும் கல்லுடலினவாயும் அமைந்தன. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட ஓரெல்லைக்கப்பால் நீர் பனிக்கட்டியாகும். அங்கே திரள்வதற்குப் பொருள் மிகுதி. ஆகவே வியாழனும் சனியும் விரைவிற் பருத்து, சுற்றிலுமிருந்த வாயுவையும் வாரிக்கொண்டன.

இஃது அமைதியான வளர்ச்சியன்று. செவ்வாயளவினதாகிய ஓர் உலகம் நம் இளநிலவுலகத்தின்மேல் மோதிச் சிதறியதென்றும், அச்சிதறலே திரண்டு நிலவாயிற்றென்றும் இன்று பெரும்பாலோர் கொள்கின்றனர். 1969 முதல் 1972 வரை நிலவுக்குச் சென்று வந்தோர் கொணர்ந்த 382 கிலோ கல்லும் மண்ணும் இதற்குச் சான்றாயின.

இவையெல்லாம் ஊகமன்றோ, கோள் பிறப்பதைக் கண்டவர் யார் என்று கேட்பது நியாயமே. 1995-இல் மாயோர், கெலோஸ் என்னும் சுவிஸ் அறிஞர் இருவர், ஞாயிற்றை ஒத்த வேறொரு விண்மீனைச் சுற்றும் கோளை முதன்முதற் கண்டனர். அதன் பிறகு ஆயிரக்கணக்கான கோள்கள் காணப்பட்டுள்ளன. அரிய விபத்து என்ற பழைய எண்ணம் மறைந்தது. 2014-இல் சிலி நாட்டுப் பாலைவனத்திலுள்ள வானொலித் தொலைநோக்கிகள், 450 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஓர் இளவிண்மீனைப் படமெடுத்தன. விண்மீனைச் சுற்றி ஒளிரும் தட்டு. அத்தட்டில் இசைத்தட்டின் வரைகள்போல வளையங்கள். வளையங்களிடையே இருண்ட இடைவெளிகள். முடங்கிப் போன ஒரு நூலில் காண்ட் எழுதியதை 259 ஆண்டுகளுக்குப் பின் மனிதர் கண்ணாற் கண்டனர்.

நிலவுலகின் வயது

எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை கண்டோம். எப்பொழுது வந்தது? வேத நூலின் தலைமுறைக் கணக்கைக் கூட்டி, கி.மு. 4004-இல் உலகம் படைக்கப்பட்டதென்று அயர்லாந்துப் பேராயர் அஷர் 1650-இல் முடிவு செய்தார். காய்ச்சிய இரும்புக் குண்டுகள் ஆறும் நேரத்தை அளந்து, அக்கணக்கை உலகின் அளவுக்குப் பெருக்கி, ஏறக்குறைய 75,000 ஆண்டு என்று 1778-இல் வெளியிட்டார் மேற்கூறிய புஃபோன். உலகம் ஆறும் வேகத்தை நுண்ணிதாகக் கணக்கிட்ட கெல்வின் பிரபு, 1862-இல் 2 கோடி முதல் 40 கோடி ஆண்டு வரை என்றார். 1897-இல் அதனை 2 முதல் 4 கோடி என்று குறுக்கினார். கெல்வினின் கணக்கிற் பிழை இல்லை. கணக்கின் அடிப்படையிலே பிழை இருந்தது.

1896-இல் பெக்கரல் என்னும் பிரஞ்சு அறிஞர் யுரேனியத்தினின்று தானே வெளிப்படும் கதிரைக் கண்டார். யுரேனியம் மாறாத வேகத்தில் தேய்ந்து ஈயமாகிறது. அதன் ஒரு வகை பாதியாகத் தேய 447 கோடி ஆண்டும், மற்றொரு வகை பாதியாகத் தேய 70 கோடி ஆண்டும் ஆகும். ஆகவே பழங்கல்லிலுள்ள ஈயத்தின் வகைகளை அளந்தால் அக்கல்லின் வயது தெரியும். மணற்கடிகையில் விழுந்த மணலை அளந்து நேரத்தைச் சொல்வது போன்றது இது.

ஆனால் நிலவுலகின் முதற்கற்கள் உருகியும் தேய்ந்தும் அழிந்தன. உலகம் பிறந்த காலத்திலேயே பிறந்து மாறாமல் இருப்பவை விண்கற்களே. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்துப் பெரும்பள்ளத்தை உண்டாக்கிய விண்கல்லின் இரும்புத் துண்டுகளையும் வேறு விண்கற்களையும் கிளேர் பேட்டர்சன் என்னும் இளைஞர் அளக்கப் புகுந்தார். ஒவ்வொரு முறையும் கணக்குத் தவறிற்று. காரணம் ஆராய்ந்தபோது அவர் திகைத்தார். மேசைமேலும், குழாய் நீரிலும், தலைமயிரிலும், காற்றிலும் ஈயம் இருந்தது! கல்லிலுள்ள ஈயத்தைவிட அறையிலுள்ள ஈயமே மிகுதி. பல ஆண்டுகள் உழைத்து, தூசி புகாத ஆய்வறையொன்றை அமைத்து, கருவிகளை அமிலத்திற் கழுவி, இறுதியில் 1956-இல் உலகின் வயது 455 கோடி ஆண்டு என்று வெளியிட்டார். அதன்மேல் ஏழு கோடி கூடலாம், குறையலாம் என்றும் எழுதினார். அதன் பின்னர் ஆயிரம் கருவிகள் வந்தும் அவ்வெல்லையை எவரும் மாற்றவில்லை. விண்கற்களிற் காணப்படும் மிகப்பழைய மணிகளின் வயது 456.7 கோடி ஆண்டு.

அறையிலிருந்த ஈயம் வந்த வழியைப் பேட்டர்சன் மறக்கவில்லை. மோட்டார் வண்டி எண்ணெயிற் கலந்த ஈயமே காற்றையும் கடலையும் மனிதர் குருதியையும் கெடுக்கிறது என்று கண்டு 1965 முதல் முழங்கினார். தொழிலுலகின் பகையால் ஆராய்ச்சிக்குப் பெற்றுவந்த பணத்தை இழந்தார். எனினும் உண்மை வென்றது. அமெரிக்காவில் 1996 முதல் சாலை வண்டிகளுக்கு ஈய எண்ணெய் விலக்கப்பட்டது. 2021-இல் அல்ஜீரியாவும் நிறுத்தவே, மோட்டார் வண்டிகளுக்கு ஈயங் கலந்த எண்ணெய் உலகெங்கும் ஒழிந்தது. வானத்துக் கல்லின் வயதை அறிவதால் ஏழை மக்களுக்கு என்ன பயன் என்று கேட்போர் இதனைக் கருதுவாராக. சாலையோரத்து வீடுகளில் வாழும் குழந்தைகள் மூச்சில் ஏறிய நஞ்சு ஒழிந்தது அக்கல்லின் பயன்.

உயிர் வந்த வழி

மூன்றாம் வினாவே மிகக் கடியது. அழுகிய இறைச்சியிற் புழுவும், சேற்றில் தவளையும் தாமே தோன்றும் என்று முன்னோர் நம்பினர். இத்தாலியராகிய ரெடி 1668-இல் இறைச்சிச் சாடியை மெல்லிய துணியால் மூடிவைத்தார்; ஈ மொய்க்காத இறைச்சியிற் புழு தோன்றவில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரும் தானே தோன்றுவதில்லை என்பதை 1862-க்குள் பாஸ்டர், அன்னக்கழுத்துப் போன்ற வளைந்த குழாயுடைய குடுவைகளைக் கொண்டு நிலைநாட்டினார். உயிர் உயிரினின்றே வரும். அங்ஙனமாயின் முதல் உயிர் எதினின்று வந்தது?

இன்று தானே தோன்றாதது அன்றும் தோன்றவில்லை என்பது துணிபாகாது. ஏனெனில் அன்றிருந்த உலகம் வேறு. காற்றிற் பிராணவாயு இல்லை. தோன்றும் பொருளை உண்டு அழிக்க வேறுயிரும் இல்லை. இக்கருத்தை ருஷியராகிய ஒப்பாரின் 1924-இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அவரை அறியாமலே இங்கிலாந்தினரான ஹால்டேன் 1929-இல், பகுத்தறிவாளர் ஆண்டு மலரொன்றில், அதே கருத்தை எழுதினார். ஞாயிற்றின் கதிரும் மின்னலும் பட்டு, பழங்கடல் உயிர்ப்பொருள்கள் கரைந்த ஒரு கஞ்சிபோல ஆயிற்றென்பது அவர் கூற்று. இருவரும் 1963-இலேதான் நேரிற் சந்தித்தனர். முந்தியவர் ஒப்பாரினே என்று ஹால்டேன் தயங்காது ஒப்புக்கொண்டார். அவர் 1957-இல் இந்தியாவுக்குக் குடியேறி, இந்தியக் குடியுரிமையும் பெற்று, 1964-இல் புவனேசுவரத்தில் காலமானவர் என்பது நம்மவர் அறியத்தக்கது.

கருத்தைச் சோதனையாக்கியவர் இருபத்துமூன்று வயது மாணவர். 1953-இல் சிக்காகோவில் ஸ்டான்லி மில்லர், தம் ஆசிரியர் யூரேயின் வழிகாட்டலில், ஒரு கண்ணாடிக் குடுவையில் நீரைக் கொதிக்கவிட்டார். அதன் ஆவியோடு மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன் ஆகிய வாயுக்களைச் சேர்த்து, இடைவிடாது மின்பொறியைப் பாய்ச்சினார். ஒரு வாரத்தில் நீர் செந்நிறமாயிற்று. அதில் அமினோ அமிலங்கள் இருந்தன. நம் உடலின் புரதம் ஆகியிருப்பது இவ்வமிலங்களாலேயே. நோபல் பரிசு பெற்ற யூரே, புகழெல்லாம் தமக்கே வந்துவிடுமென்று கருதி, கட்டுரையில் தம் பெயரைச் சேர்க்க மறுத்தார். ஆசிரியர்க்கு அழகு இதுவன்றோ!

பழங்காற்று மில்லர் கொண்டதுபோன்றதன்று, கரியமிலவாயுவும் நைட்ரஜனுமே மிக்கது என்று பின்னர் அறிஞர் கருதலாயினர். அக்காற்றில் அமிலங்கள் மிகக் குறைவாகவே உண்டாகும். இந்த ஐயம் எழுந்திருந்த வேளையில் வானமே ஒரு சான்றை எறிந்தது. 1969 செப்டம்பர் 28-ஆம் நாள் ஆஸ்திரேலியாவில் மர்ச்சிசன் என்னும் ஊரில் விண்கல்லொன்று விழுந்தது. அதனை ஆராய்ந்து அமினோ அமிலங்களைக் கண்டவர்களுள் ஒருவர் சிறில் பொன்னம்பெரும. இலங்கையிற் காலியிற் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவத்திற் பட்டம் பெற்று, பின்னர் இரசாயனத்துக்குத் திரும்பி, அமெரிக்காவின் விண்வெளி ஆராய்ச்சியிற் புகழ்பெற்றவர் அவர். அவ்வமிலங்கள் தொட்டவர் கையிலிருந்து ஒட்டியவையல்ல என்று எவ்வாறு தெரிந்தது? அமினோ அமிலங்கள் இடக்கை வலக்கைபோல இரு வடிவின. உயிர்கள் தம் புரதத்துக்கு இடக்கை வடிவையே கொள்ளும். விண்கல்லிலோ இரண்டும் ஏறக்குறையச் சமமாயிருந்தன. உயிர்கள் வழங்காத அமிலங்களும் இருந்தன.

விழுந்த கல்லோடு நில்லாமல், மனிதர் விண்ணுக்கே கருவியனுப்பிக் கல்லெடுக்கத் தொடங்கினர். பென்னு என்னும் சிறுகோளிலிருந்து 2023 செப்டம்பர் 24-இல் அமெரிக்கப் பாலைவனத்தில் வந்திறங்கிய பேழையில் 121.6 கிராம் மண் இருந்தது; ஏறக்குறைய ஒரு கைப்பிடி. புரதத்துக்கு வேண்டும் இருபது அமினோ அமிலங்களுட் பதினான்கும், மரபெழுத்துக்கு வேண்டும் ஐந்து மூலங்களும் அதில் உள்ளன என்று 2025-இல் அறிவித்தனர். உயிருக்கு வேண்டிய செங்கற்கள் ஞாயிற்றுக் குடும்பத்தின் பழம்பொருள்களிலேயே கிடந்தன என்பது ஐயமற விளங்கிற்று.

ஆயினும் செங்கற் குவியல் வீடாகாது. தன்னைத்தான் படியெடுக்கும் பொருள் எவ்வாறு அமைந்தது? படியெடுக்கப் புரதம் வேண்டும், புரதம் செய்ய எழுத்து வேண்டும், எது முந்தியது? ஆர்.என்.ஏ. என்னும் பொருள் எழுத்தாகவும் இருந்து, புரதம்போல் வேலையும் செய்யவல்லது என்பதை 1982-க்கும் 1983-க்கும் இடையில் செக், ஆல்ட்மன் ஆகிய இருவரும் தனித்தனியே கண்டு, 1989-இல் நோபல் பரிசு பெற்றனர். அம்முடிச்சு ஒருவாறு தளர்ந்தது. வெயிலில் வற்றியும் மழையில் நிறைந்தும் வரும் குட்டையில் உயிர் தொடங்கிற்று என்பர் ஒரு சாரார். 1977-இற் கண்ட ஆழ்கடல் வெந்நீரூற்றுப் போன்ற இடங்களில் என்பர் மற்றொரு சாரார். வழக்கு இன்னும் தீரவில்லை. எங்கே தொடங்கியதாயினும், ஆஸ்திரேலியாவின் மேற்கே 348 கோடி ஆண்டுப் பழங்கற்களில் நுண்ணுயிர்ப் படலங்களின் சுவடு பதிந்திருக்கிறது. உலகம் ஆறி நீர் நின்ற பின் உயிர் நெடுங்காலம் தாமதிக்கவில்லை.

முடிவுரை

நேயர்களே! இவ்வரலாற்றிற் புஃபோன் பிழை செய்தார். லாப்லாஸ் பாதி பிழை செய்தார். ஜீன்ஸ் பிழை செய்தார். கெல்வின் பிழை செய்தார். ரஸ்ஸல் பிழை செய்து தாமே திருந்தினார். ஒருவரையும் நாம் இழிவாகக் கருதுவதில்லை. ஒவ்வொருவரும் தம் கருத்தைப் பிறர் சோதிக்கும்படி வைத்தனர். மாறாக, சோதிக்கலாகாது என்று விலக்கப்பட்ட கருத்துக்கள் எத்தனை நூற்றாண்டாயினும் ஓரங்குலமும் வளர்ந்ததில்லை.

மற்றொன்றும் நினைவிலிருத்துதல் நன்று. நுண்ணுயிர் முதல் ஆலமரம் வரை, மண்புழு முதல் மனிதர் வரை, அனைத்தும் பெரும்பாலும் ஒரே மரபெழுத்து முறையிலேயே எழுதப்பட்டுள்ளன. ஆகவே இன்றுள்ள உயிரனைத்துக்கும் மூதாதை ஒன்றே. தலையிற் பிறந்தோர், காலிற் பிறந்தோர் என்னும் பிரிவுக்கு இவ்வரலாற்றில் எங்கும் இடமில்லை.

உயிரின் முதற்படி இன்னும் ஆராய்ச்சியிலேயே இருக்கிறது. விடை தெரியாத இடத்தில் கதையை வைத்து அடைக்காமல், தெரியாது என்று எழுதிவைத்துத் தேடுவதே இதுகாறும் பயன் தந்த முறை. நம் பிள்ளைகள் விடிவெள்ளியைக் காட்டி வினவும்போது, வாயை மூடு என்னாது, அறிந்ததைச் சொல்லி, அறியாததைத் தேடு என்று நூலகத்துக்கு அனுப்புவோமாக. குட்டையா கடலா என்ற வழக்கைத் தீர்க்கப்போகிறவர் அவருள் ஒருவராயிருத்தலும் கூடும்.